அவர் தண்டவாளம் தாண்டும் வரை

ரிட்டயர் ஆன மனுஷனை வீட்டில் வைத்துக்கொள்வது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. என் வீட்டுக்காரர் ரயில்வேயில் டிரைவர். கரி இஞ்சின் டிரைவர். எழுபதுகளின் நடுவில் ஒருநாள் மாலை போட்டு, டீ கொடுத்து, கையைக் குலுக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருக்கு அன்றோடு வேலை முடிந்தது. எனக்கு அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுக் கும்மிடிப்பூண்டியில் தண்டவாளத்துக்குக் கிழக்கே சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு வந்தோம். மெட்ராசிலேயே மகள் வீட்டுப் பக்கத்தில் இருக்கலாம் என்று நான் சொன்னேன். "ரயில் சத்தம் கேக்காத ஊட்ல எனக்குத் தூக்கம் வராது" என்று இந்த இடத்தைப் பிடித்தது அவர்தான். பின்வாசலில் நின்றால் வேலிக்காத்தான் புதருக்கு அந்தப் பக்கம் லைன் தெரியும்.

வந்த புதிதில் அவர் என் சமையல்கட்டில் வந்து உட்கார்ந்துகொண்டார். மணை ஒன்றைப் போட்டுக்கொண்டு கரி அடுப்பையே பார்ப்பார். "நடுவுல கொட்டாத. ஓரமா பரப்பிப் போடு. நடுவு தானா எரியும்" என்பார். கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பேன்: "இது இன்னா இஞ்சினா? கூடூர் வரைக்கும் ஓட்டிக்கினு போவப் போறீங்களா? நான் சாம்பார்தான வெக்கறேன்?" அவர் அசையமாட்டார். "நெருப்புன்னா எல்லாம் ஒண்ணுதான்" என்பார். நாஷ்டா இத்தனை மணிக்கு, சாப்பாடு இத்தனை மணிக்கு என்று கணக்கு வேறு. ஐந்து நிமிஷம் தாமதமானால் தட்டின் முன்னால் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். சொல்லமாட்டார், பார்ப்பார். அந்தப் பார்வைக்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். எனக்கு முழங்கால் வலி. மார்கழிக் குளிரில் எழுந்தால் கால் மடங்காது. அவர் எனக்கு முன்னால் எழுந்து, பின்பக்கம் தவலையில் தண்ணீர் நிரப்பி, புளியங்கட்டையும் வேப்பஞ்சுள்ளியும் வைத்து அடுப்பு மூட்டிவிடுவார். அவர் மூட்டும் நெருப்பு புகையாது. நான் எழுந்து போகும்போது வெந்நீர் தயாராக இருக்கும், ஆறாமலும் கொதிக்காமலும். என்னைக் கூப்பிடக்கூட மாட்டார், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நிற்பார். அந்தத் தண்ணீரை முழங்காலில் ஊற்றும்போது இந்த மனுஷன் செய்த எல்லாவற்றையும் மன்னித்துவிடுவேன். காபி குடிக்கும்வரைக்கும் அந்த மன்னிப்பு தாங்கும்.

காது போனது எப்போது என்று எனக்குத் தெரியாது. ஒரேயடியாகப் போகவில்லை. அத்தனை வருஷம் கொதிகலன் பக்கத்தில், விசிலுக்குக் கீழே நின்ற காது. முதலில் தபால்காரர் வாசலில் நின்று கத்திக்கொண்டிருப்பார், இவர் கூடத்தில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருப்பார். பால் பொங்கி அடுப்பில் சீறும், பக்கத்திலேயே இருப்பார், திரும்பமாட்டார். எதிரே நின்று முகத்துக்கு நேராகப் பேசினால் பதில் வரும். முதுகுக்குப் பின்னால் பேசினால் சுவரோடு பேசுவதுதான். கேட்டால், "நீ வாய்க்குள்ளயே பேசிக்கினா எனக்கு எப்டி வெளங்கும்?" என்று என் மேல் பாய்வார்.

மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தாள். சாப்பாடு போட்டுக்கொண்டே, "நைனா, மெட்ராஸ்ல ஒரு காது டாக்டர் கீறாரு, ஒருவாட்டி போய்க் காட்டிக்கினு வந்துடலாமா?" என்றாள். எதிரே நின்று சொன்னதால் அவருக்குப் புரிந்துவிட்டது. பிசைந்த சோற்றை அப்படியே விட்டு எழுந்தார். "எவன் சொன்னான் நான் செவிடுன்னு? ஒரு மெடிக்கல்ல அடிபட்டிருப்பனா நானு? கேளு உங்கம்மாவ!"

அவர் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. டிரைவருக்கு அவ்வப்போது கண்ணையும் காதையும் சோதித்துப் பார்ப்பார்கள். அதில் தேறாதவனை இஞ்சினிலிருந்து இறக்கி ஷெட்டில் ஏதாவது எடுபிடி வேலையில் போட்டுவிடுவார்கள். நேற்றுவரை மெயில் ஓட்டியவன் இன்றைக்கு எண்ணெய்த் துணி அலசுவான். இவர் அப்படிப்பட்டவர்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மெடிக்கல் தேதி வந்துவிட்டால் ஒரு வாரத்துக்கு இவருக்குச் சோறு இறங்காது. ரிட்டயர் ஆகியும் அந்தப் பயம் போகவில்லை. காது கேட்கவில்லை என்று ஒத்துக்கொண்டால் யாரோ வந்து தன்னை எங்கிருந்தோ இறக்கிவிடுவார்கள் என்று நினைத்தார்.

காது கேட்காமல் வீட்டில் இருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. கத்திப் பேசிப் பேசி என் தொண்டை போகும், அவ்வளவுதான். ஆனால் அவர் தினம் காலையில் தண்டவாளம் தாண்டுவார்.

டீக்கடையும் பஜாரும் லைனுக்கு மேற்கே இருந்தன. வெந்நீர் போட்டு, தானும் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு டீ குடிக்கவும் பேப்பர் பார்க்கவும் கிளம்புவார். ரோட்டு வழியாகப் போனால் கேட் இருக்கிறது, கொஞ்சம் சுற்று. எங்கள் வீட்டுப் பின்னால் ஒற்றையடிப் பாதை ஒன்று புதருக்குள் போய், ஜல்லி மேட்டில் ஏறி, லைனைத் தாண்டி அந்தப்பக்கம் இறங்கும். ஊரே அதில்தான் போகும். ஊர் ஜனங்கள் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போவார்கள். இவர் பார்க்கமாட்டார். "எந்த வண்டி எப்ப வரும்னு எனக்குத் தெரியாதா? என் லைன்ல நான் போறதுக்கு இன்னொருத்தன் கேட்டு தொறக்கணுமா?" என்பார். கரி வண்டிகள் ஓடியவரைக்கும் அது சரியாகத்தான் இருந்தது. புகை தூரத்திலேயே தெரியும், காலடியில் பூமி அதிரும். காது இல்லாவிட்டாலும் அவருக்கு அது போதும்.

பிறகு லைன் ஓரமெல்லாம் கம்பம் நட ஆரம்பித்தார்கள். கரண்ட் வண்டி வரப்போகிறது என்றார்கள். மேற்கே ஃபாக்டரிகளுக்காக மேட்டு நிலத்தை நிரவிக்கொண்டிருந்தார்கள், லாரிகள் செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகும். புதுவாயல் வரைக்கும் எந்தக் கடையில் பார்த்தாலும் வெளியூர் ஆட்கள். லைனிலும் எந்த டைம்டேபிளிலும் இல்லாத வண்டிகள் வந்து போயின. கம்பம் ஏற்றிய வண்டி, கம்பிச் சுருள் ஏற்றிய வண்டி, ஆட்கள் தள்ளிக்கொண்டு வரும் டிராலி.

ஒருநாள் காலையில் பின்வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். இவர் ஜல்லி மேட்டில் ஏறினார். வடக்கேயிருந்து ஒரு டிராலி வேகமாக வந்தது. அதில் இருந்தவர்கள் "யோவ்! யோவ்!" என்று கத்தினார்கள், கொடியை ஆட்டினார்கள். இவர் வேட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிதானமாகத் தாண்டினார். டிராலி கிரீச்சிட்டு அவர் முதுகை உரசுவதுபோல் நின்றது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் பின்னால் ஒன்று வந்து நின்றதே அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கம் இறங்கிப் போய்விட்டார். கையில் இருந்த சொம்பு எங்கே விழுந்தது என்று தெரியவில்லை.

வந்ததும் சொன்னேன். கெஞ்சினேன், அழுதேன், மகள் தலைமேல் சத்தியம் பண்ணச் சொன்னேன். "எனக்கேவா ரயிலு?" என்று சிரித்தார். என்ன மனுஷன் இவர்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

மறுநாளிலிருந்து அவர் கிளம்பியதும் நானும் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு பின்னால் நடக்க ஆரம்பித்தேன். பக்கத்தில் போனால் கத்துவார். அதனால் கொஞ்சம் தள்ளி, கீரை பறிக்கிறவள் மாதிரி. அவர் மேட்டில் ஏறும்போது நான் வடக்கே பார்ப்பேன், தெற்கே பார்ப்பேன், மறுபடி வடக்கே பார்ப்பேன். அவர் அந்தப் பக்கம் இறங்கும்வரை எனக்கு மூச்சே இருக்காது. இறங்கியதும் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிடுவேன். திரும்பி வரும்போது கவலையில்லை. டீக்கடையில் பேப்பர் படிக்கும் கும்பல் ஒன்றாகத்தான் இந்தப் பக்கம் வரும். போகும்போதுதான் தனி ஆள்.

எங்கள் தெருவில் ஒருத்தி இருந்தாள். நான் கூடையோடு போவதைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, இந்த வயசுல பிரிஞ்சிருக்க முடியலியா? பின்னாடியே போய்க்கினு கீற?" என்று வாசலில் நின்று கேட்டாள். "ஆமாண்டி, புதுசா கல்யாணம் பண்ணிக்கினு வந்திருக்கேன். உனக்கின்னா பேஜாரு?" என்று சொல்லிவிட்டுப் போனேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தினமும் காலையில் இந்த அக்கப்போர் முடிந்தால்தான் எனக்கு அடுத்த வேலை ஓடும்.

போகப்போக இன்னொன்றைக் கவனித்தேன். முன்பெல்லாம் ஜல்லி மேட்டில் ஏறும் முன்னால் ஒரு கணம் நிற்பார். காலால் பூமியைக் கேட்பதுபோல. நான் பின்னால் போக ஆரம்பித்த பிறகு அப்படி நிற்பதும் போய்விட்டது. நேராக ஏறினார், நேராகத் தாண்டினார். வயசு ஏற ஏறப் புத்தி இறங்குகிறதே என்று எனக்குள் திட்டிக்கொண்டே நடப்பேன்.

பொங்கல் கழிந்து சில நாள் இருக்கும். அன்றைக்குக் காலையிலேயே எங்களுக்குச் சண்டை. நான் அடை வார்த்துக்கொண்டிருந்தேன், அவர் அடுப்புக் கரியைக் கிளறிவிட்டார், அடை கருகிவிட்டது. நான் தோசைத் திருப்பியை வீசிவிட்டேன். அவர் சாப்பிடாமல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். போகட்டும் என்று விட்டுவிட ஒரு நிமிஷம் மனசு வந்தது. ஆனாலும் கூடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

பாதி வழியில் பழவேற்காட்டுப் பக்கத்து மீன்காரி எதிரே வந்தாள். தலையில் கூடை. வாரத்தில் இரண்டு மூன்று தரம் வருவாள், எங்களுக்கு வாடிக்கை. கூடையை இறக்கிவிட்டாள். "யம்மோவ், மடவ கீது பாரு. ஏரி மீனு. கண்ணப் பாரு எப்டி முயிச்சிக்கினு கீது!" என்று ஒரு மீனை வாலைப் பிடித்துத் தூக்கி என் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

"தே, வழிய உடு. வந்து வாங்கறேன்" என்றேன்.

"இன்னாத்துக்கு ஓடற? கைல வாங்கிக்கினு ஓடேன்" என்று குறுக்கே நின்றாள். நான் விலகினேன். அதற்குள் அவர் எனக்கு நன்றாக முன்னால் போய்விட்டிருந்தார். புதரைத் தாண்டி மேட்டை நெருங்கிவிட்டார்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. கரி இஞ்சினின் விசில் எனக்குத் தெரியும், தூக்கத்தில்கூடத் தெரியும். இது அது இல்லை. மாடு கத்துவதுபோல் அடித்தொண்டையில் ஒரு சத்தம், தெற்கேயிருந்து. பார்த்தேன். புகை இல்லை. புதுக் கம்பிக்குக் கீழே, வெயிலில் மினுங்கிக்கொண்டு கரண்ட் இஞ்சின் ஒன்று நாலு பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தது. ஓட்டிப் பார்க்கிறார்கள் போல. அதன் டிரைவர் மறுபடியும் ஊதினான், விடாமல் ஊதினான். இவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜல்லியில் கால் வைத்தார்.

நான் கத்தினேன். ஓடினேன். எந்த முழங்கால் எனக்கு? அன்றைக்கு அது வலித்ததா என்றே தெரியாது. "இன்னாங்க! இன்னாங்க!" என்று கத்தினேன். அவர் ஏறிக்கொண்டே இருந்தார். இன்னும் என்னவோ கத்தினேன். ஐயோ, தெய்வமே, இந்த மனுஷன் திரும்பமாட்டாரா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்த தூரம் குறையவே இல்லை.

என் தோளை உரசிக்கொண்டு ஏதோ பறந்து போனது. பொத்தென்று அவர் பிடரியில் விழுந்தது. மீன். என் பின்னாலேயே ஓடி வந்த மீன்காரி கையில் பிடித்திருந்த மடவையை அப்படியே வீசியிருந்தாள்.

அவர் பிடரியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். முகம் சிவந்துவிட்டது. "எவ அவ? எவ அடிச்சது?" என்று கத்திக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கி எங்களைப் பார்த்து வந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் அந்த இஞ்சின் போனது. நாலு பெட்டியும் போயின. காற்றில் அவர் வேட்டியும் சட்டையும் முன்பக்கமாக அடித்துக்கொண்டன. அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். கடைசிப் பெட்டியின் முதுகு மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். மீன்காரிதான் பேசினாள். "நைனா, வண்டி வந்துச்சி நைனா! யம்மா தொண்ட கியியக் கத்திக்கினு ஓடி வருது, நீ பாட்டுக்கு ஏறிக்கினே கீறியே!" அவர் அவளைப் பார்க்கவில்லை. என் எதிரே வந்து நின்றார். குரலில் அதே அதிகாரம்.

"நீ ஏன் சத்தம் போடல?"

நான் மண்ணிலிருந்து நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

"நீ பின்னாடி வர்றன்னுதான நான் போறேன்? தெனம் உன் நெழலு என் பக்கத்துல வுழுது. வெயில் நமக்குப் பின்னாடி கீது, தெரியாதா எனக்கு? இஞ்சின்ல வளைவு வந்தா என் பக்கம் ஒண்ணும் தெரியாது. கரி போடற பயர்மேன்தான் அந்தப் பக்கம் பாப்பான். அவன் சத்தம் போட்டா நிறுத்துவேன். போடலன்னா லைன் கிளியர். போய்க்கினே இருப்பேன். நீ சத்தம் போடலியே?"

கூடையோடு நான் ஒளிந்து ஒளிந்து நடந்ததெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததால்தான் மேட்டுக்கு முன்னால் நிற்பதையே விட்டிருக்கிறார். என்னை நம்பி. நானோ அவரும் கொஞ்சமாவது கவனிப்பார் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

"சத்தம் போட்டேன்" என்றேன்.

"போடல."

"போட்டேங்க. உசுரு போவக் கத்தினேன். இவளக் கேளுங்க."

அவர் மீன்காரியைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். "பஜார்ல கேட்ருக்கும் நைனா."

அவர் மறுபடி என் முகத்துக்குத் திரும்பினார். அதிகாரம் போய்விட்டிருந்தது. "இன்னான்னு கத்துன?" என்றார்.

எனக்கு முகம் சுட்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் அவர் பெயரைச் சொன்னதே இல்லை. ரேஷன் ஆபீசில் கேட்டால் பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்வேன். அந்தப் பெயருள்ள சாமியைக்கூடப் பெருமாளே என்றுதான் கும்பிடுவேன். இன்னாங்க, ஏங்க, வாங்க, இவ்வளவுதான் எங்களுக்குள் அழைப்பு. அதெல்லாம் அவருக்கு எட்டாமல் போனபோது என் வாயிலிருந்து அந்தப் பெயர்தான் வந்திருந்தது.

"உங்க பேரச் சொல்லித்தான்" என்றேன்.

"என் பேரயா?"

"ஆமா."

மீன்காரி மண்ணில் கிடந்த மடவையை எடுத்து முந்தானையில் துடைத்தபடி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் என்னை விட்டு விலகி, லைனைப் பார்த்து நாலடி நடந்து போய் நின்றார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"மூஞ்சப் பாத்தா வாயப் பாத்துத் தெரிஞ்சிக்குவேன். திரும்பிக்கினேன். இப்ப சொல்லு."

சொன்னேன். அவர் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். பிறகு கத்தினேன். வெட்கத்தையெல்லாம் விட்டுவிட்டுக் கத்தினேன். கம்பத்தின் மேல் கம்பி கட்டிக்கொண்டிருந்த ஆட்கள் வேலையை விட்டு எங்களைப் பார்த்தார்கள். புதரில் இருந்த மைனாக்கள் எழுந்து பறந்தன. அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு காத்துக்கொண்டே இருந்தார்.

"சொல்லிட்டியா?" என்று திரும்பாமலே கேட்டார்.

நான் எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.